மழைப்படத்துக்கு இரண்டு பாஷை

ஒரு பாஷை எங்களுக்கு வேண்டாம் என்று தென்காசி ரோட்டில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து முழுசாக இரண்டு வருஷம் ஆகவில்லை. அதற்குள் அத்தான் பம்பாயிலிருந்து ஒன்றுக்கு இரண்டாகப் பாஷைகளைத் தூக்கிக்கொண்டு ரயிலை விட்டு இறங்கினார். இரண்டையும் மனுஷர் யாரும் பேசுவதில்லை. அதனால் எதிர்த்து ஊர்வலம் போகவும் வழியில்லை.

அத்தான் என்றால் என் அக்கா புருஷன். பம்பாயில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் கணக்குப் போடும் மெஷின் ஒன்று இருக்கிறது. அது செய்ய வேண்டிய வேலையை அதற்குப் புரிகிற பாஷையில் எழுதிக் கொடுப்பதுதான் அவருடைய உத்தியோகம். கல்யாணத்தின்போது இதை எங்கள் சொந்தக்காரர்களுக்கு விளக்கப் பார்த்து, கடைசியில் எல்லோரும் "மாப்பிள்ளை பம்பாயில் மெக்கானிக்" என்று முடிவு செய்துவிட்டார்கள். அவரும் களைத்துப்போய் ஒத்துக்கொண்டார்.

"அந்த மெஷின் எவ்வளவு பெருசு அத்தான்?" என்று குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில் எங்கள் வீட்டுக்குள் அவர் கால் வைத்ததுமே கேட்டேன்.

"இந்த வீடு அளவு இருக்கும் மாப்ள. வரிசையா இரும்பு பீரோ மாதிரி நிக்கும். சூடு ஆகாது. ரூம் பூரா ஏ.சி."

அக்கா பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "கேட்டுக்கோலே. பீரோவுக்கு ஏ.சி. எனக்குப் பனையோலை விசிறி."

நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் இரண்டு தடவை போனவன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் அப்பாவுக்கு வெங்காயக் கமிஷன் கடை. மூன்றாவது தடவை பரீட்சை எழுத வேண்டாம், சாக்கு எண்ண வந்து சேர் என்று சொல்லிவிட்டார். அதைத் தள்ளிப்போடுவதற்காக நான் தென்காசியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்திருந்தேன். லோயரிலும் ஒரு தடவை போயாகிவிட்டது. பரீட்சையில்தான் போனேனே தவிர, எக்ஸ் எழுத்தையும் புள்ளியையும் மட்டும் வைத்துத் தென்காசி மொட்டைக் கோபுரத்தை அதன் பிளவோடு ஒரே தாளில் அடித்துக் காட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் திறமைக்கு அரசாங்கம் சர்டிபிகேட் தருவதில்லை. எந்த வழியிலாவது வெங்காயத்திடமிருந்து தப்ப வேண்டும். அதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே லட்சியம்.

அந்த வருஷம் அத்தானோடு இன்னொருவரும் வந்தார். அதே ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர். ஊர் மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், பேசுவது மலையாளம் கலந்த தமிழ். போகிற வழியில் நாலைந்து நாள் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகலாம் என்று எங்கள் வீட்டில் தங்கினார். மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர், சிரிக்கமாட்டார். நல்ல சாரல் நாளில் அருவிக்குப் போகும்போதுகூட சட்டைப் பையில் பென்சில் வைத்திருந்தார்.

இருவருக்கும் சண்டை. எதற்குச் சண்டை என்று எனக்குப் புரிந்ததே பேரருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்க்கிற இடத்தில்தான். இரண்டு பேரும் துண்டை மட்டும் கட்டிக்கொண்டு, தலையிலிருந்து எண்ணெய் ஒழுக, கல்லில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தேய்ப்பவர் மாறி மாறி இரண்டு தலையையும் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஃபோர்ட்ரான்ல எழுதினா பதினஞ்சு வரில முடிஞ்சுரும் வே," என்றார் அத்தான். "உம்ம மெஷின் பாஷையில பதினஞ்சு தாள் ஆகும்."

"பதினஞ்சு வரி எழுத எளுப்பமாணு," என்றார் புனலூர்க்காரர். "பட்சே உள்ள என்ன நடக்குன்னு உமக்கு அறியுமோ? என் பாஷையில ஒவ்வொண்ணும் நான் பறஞ்சாத்தான் அது அசையும்."

"சார்மாரே, தலைய ஆட்டாதிய," என்றார் தேய்ப்பவர். "எண்ணெ கண்ணுல எறங்கும்."

விஷயம் இதுதான். அவர்கள் ஆபீசுக்கு ஒரு புது வேலை வந்திருந்தது. ஒரு ஜில்லாவில் ஒரு நாள் எந்தெந்த ஊரில் எவ்வளவு மழை பெய்தது என்ற எண்களைக் கொடுத்தால், மெஷின் அதைப் படமாக அச்சடித்துத் தர வேண்டும். மெஷினுக்குப் படம் வரையத் தெரியாது. எழுத்து அடிக்கத்தான் தெரியும். அதனால் மழையே இல்லாத இடத்தை வெறுமனே விட வேண்டும், ஒரு அங்குலம் வரை பெய்த இடத்தில் புள்ளி, அதற்கு மேல் கூட்டல் குறி, மூன்று அங்குலத்தைத் தாண்டினால் எக்ஸ். தாளைச் சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பார்த்தால் மேகம் கவிந்த மாதிரி தெரியும். கேட்டவுடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கோபுரம் அடிப்பது போலத்தான். எனக்கு மாஸ்டர் கொடுத்தது திட்டு, அவர்களுக்கு ஆபீஸ் கொடுத்தது ஏ.சி. ரூம்.

பம்பாய்ப் பக்கத்து எண்களை வைத்துப் பழகிவிட்டு, அடுத்ததாக நம்ம ஜில்லாவைப் போடுகிறேன் என்று அத்தான் கேட்டு வாங்கி வந்திருந்தார். முந்தின வருஷம் ஆடியில் ஏதோ ஒரு நாள் எட்டு ஊர்களில் பெய்த மழை அவர் கையில் ஒரு தாளில் இருந்தது. இந்த வேலையை எந்தப் பாஷையில் எழுதுவது என்று லீவு முடிந்து போனதும் இரண்டு பேரும் சேர்ந்து மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். எந்தப் பாஷை தேறுகிறதோ அதற்குரியவரிடம் வேலை போகும்.

நான் எனக்குப் புரிந்த மாதிரி கேட்டேன். "அத்தான், ஃபோர்ட்ரான்னா கிளப்புக் கடையில உக்காந்து 'ரெண்டு இட்லி'ங்கிற மாதிரி. சாரோட பாஷைன்னா, 'அடுக்களைக்குப் போ, தட்டத்தை எடு, மூடியத் தொற, இட்லிய எடு, தட்டத்துல வையி'ங்கிற மாதிரி. சரியா?"

"நூத்துக்கு நூறு!" என்றார் அத்தான்.

"இட்லி புளிச்சதோ இல்லையோன்னு அடுக்களைக்குப் போனவனுக்கே அறியும்," என்றார் புனலூர்க்காரர்.

அருவியில் நின்றுவிட்டு வரும்போது அத்தான் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். துண்டைப் பிழிந்தபடியே சொன்னார். "மாப்ள, வேலை என் கைக்கு வந்தா, எழுதுனதை மெஷின் படிக்கிற மாதிரி அட்டையில ஓட்டையா அடிக்கதுக்கு, அதான் கார்டு பஞ்ச் பண்ணுறதுக்கு, ஒரு ஆள் எடுக்கணும். டைப் தெரிஞ்சாப் போதும், படிப்புப் பெருசா கேக்கமாட்டாக. உன்னைய எடுத்துருவேன்."

"சத்தியமாவா அத்தான்?"

"ஃபோர்ட்ரான் ஜெயிச்சா."

அந்த நிமிஷத்திலிருந்து நான் ஃபோர்ட்ரான் கட்சி. கொடி பிடித்திருப்பேன், யாரும் தைத்துத் தரவில்லை.

இங்கே மெஷின் கிடையாது. எழுதியதைச் சரிபார்ப்பது எப்படி என்று அவர்கள் யோசித்தபோது, நானே மெஷினாக இருக்கிறேன் என்று முன்வந்தேன். சொன்னதை மட்டும் செய்வேன், சொந்தமாக எதையும் செய்யமாட்டேன். அக்கா இதைக் கேட்டு, "பெறந்ததுலருந்து சொன்னதைச் செய்யாத பய," என்று ஈயப் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். ஆனால் தீர்ப்புச் சொல்ல அவளையே வைத்தார்கள். இரண்டு பாஷையும் தெரியாத ஆள் அவள் ஒருத்திதான் என்றார்கள். எனக்கும்தான் தெரியாது. நான் மெஷின் ஆகிவிட்டதால் என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்ஸ்டிடியூட்டில் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை பாடம் இல்லை. மாஸ்டரிடம் போய்க் கேட்டேன்.

"என்னலே அடிக்கப் போற? மறுபடியும் கோபுரமா? எக்ஸ் கீ ஏற்கெனவே உன்னாலதான் தேஞ்சு கெடக்கு."

"இல்ல அண்ணாச்சி. மழை. எக்ஸ் கொஞ்சந்தான் வரும். நம்ம ஜில்லாவுல எங்கன அவ்வளவு பெய்யுது?"

பம்பாய் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் கூட நின்றதால் ஒத்துக்கொண்டார்.

மெஷினுக்கு உள்ளே எண்களைப் போட்டு வைக்க வரிசையாகப் பெட்டிகள் உண்டாம். அதற்குக் காலித் தீப்பெட்டிகள் போதும் என்றேன் நான். ஊரெல்லாம் பொறுக்கி நூறுக்கு மேல் சேர்த்து, ஒவ்வொன்றின் மேலும் நம்பர் எழுதி, பெஞ்சில் அடுக்கினோம். ஒரு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தால் அது மெஷினின் ஞாபகம். படத்துக்குக் குறுக்கே இருபது கட்டம், நெடுக்கே பதினைந்து வரி. எந்தக் கட்டம் எந்த ஊரைச் சேர்ந்தது என்ற பட்டியல் இரண்டு பேருக்கும் பொது. அந்த ஊரின் மழையைப் பார்த்து உரிய குறியை அடிக்க வைப்பதுதான் போட்டி.

முதல் நாள் புனலூர்க்காரரின் பாஷை. பதினோரு தாள். தாள் முழுக்க எண்கள்தான், ஒரு வார்த்தைகூடக் கிடையாது. எந்த எண்ணுக்கு என்ன வேலை என்று தனியாக ஒரு அட்டையில் எழுதித் தந்தார். நாற்பத்தொன்றாம் பெட்டியில் இருப்பதைக் கையில் எடு. நாற்பத்திரண்டில் இருப்பதைக் கூட்டு. நாற்பத்துமூன்றில் வை. கையில் இருப்பது சைபரைவிடக் குறைவாக இருந்தால் பதினேழாவது வரிக்குப் போ. இப்படி ஒரு கட்டத்துக்குப் பத்துப் படி ஏறி இறங்கினால் ஒரு புள்ளி விழும். சில கட்டத்துக்கு அதுவும் விழாது.

மழையை அவர் அங்குலமாக வைக்கவில்லை. அங்குலத்தில் நூறில் ஒரு பங்கை சென்ட் என்பார்கள், அப்படிச் சென்ட் சென்ட்டாகவே பெட்டியில் போட்டிருந்தார். குற்றாலத்துக்கு எண்பத்தைந்து. செங்கோட்டைக்குத் தொண்ணூறு. தென்காசிக்கு நாற்பது. அம்பாசமுத்திரத்துக்கு இருபது.

இரண்டாவது கட்டத்திலேயே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். பதினேழாவது வரிக்குப் போ என்கிறது, போனால் அது இருபத்தி மூன்றுக்கு அனுப்புகிறது, அங்கே போனால் மறுபடியும் பதினேழுக்கு. மூன்றாவது சுற்றிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் ஒன்று கூட்டச் சொல்ல மறந்துவிட்டார் என்று. ஆனால் நான் மெஷின் அல்லவா? சீட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அத்தான் பேப்பர் படித்தார். மாஸ்டர் சாய்ந்தபடி கண்ணயர்ந்தார். புனலூர்க்காரர் நான் மும்முரமாக வேலை செய்வதைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் கழித்துத்தான் எட்டிப் பார்த்தார்.

"எடோ! ரெண்டாம் கட்டத்திலேயா நிக்குது?"

"ஆமா சாரே. நீங்கதான வட்டமடிக்கச் சொல்லியிருக்கீக."

"உனக்குத் தெரிஞ்சும் பறயாம இருந்தியா?"

"மெஷின் எங்கன சாரே பேசும்?"

அத்தான் பேப்பருக்குப் பின்னால் குலுங்கினார். புனலூர்க்காரர் பென்சிலை எடுத்து ஒரு வரியைச் சேர்த்தார். அதற்கு மேல் ஒரு தப்பும் இல்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஆறு மணிப் பாடத்துக்கு ஆட்கள் வந்து நின்றபோது பதினைந்து வரியில் ஆறு வரிதான் முடிந்திருந்தது. ஜில்லாவின் வடக்கு மட்டும் வந்திருந்தது. அதில் மேற்கு ஓரத்தில், செங்கோட்டை, குற்றாலம், தென்காசி இருக்கிற இடத்தில், அழகாகப் புள்ளிகள் விழுந்திருந்தன. சாரல் மாதிரியே இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அத்தானின் ஃபோர்ட்ரான். இரண்டே தாள். அதில் இங்கிலீஷ் வார்த்தைகள் தெரிந்தன. படி, இப்படி இருந்தால் அங்கே போ, அச்சடி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷே அதற்குத் தாராளமாகப் போதும். அத்தான் காலையில் காபி குடிக்கும்போது எனக்கு அதன் சட்டங்களைச் சொல்லியிருந்தார்.

"இதுல பெட்டி ரெண்டு சாதி மாப்ள. ஒண்ணு பின்னத்துக்கு. ஒண்ணு முழு எண்ணுக்கு மட்டும். முழு எண் பெட்டியில எதைப் போட்டாலும் பின்னம் உதுந்துரும். ஏழரையப் போட்டா ஏழுதான் இருக்கும்."

"அப்போ உங்க பாஷையில ஏழரைச் சனி புடிக்காது."

"சிரிக்காத. முழு எண் பெட்டிதான் வேகமா ஓடும். மழைக்கு இன்ச்சு பாத்தாப் போதும். பம்பாய்ல ஒரு நாள் பெஞ்சா ஏழு இன்ச்சு, எட்டு இன்ச்சு. இன்ச்சுக்குக் கீழ யார் பாக்கா?"

நானும் தலையாட்டினேன். காபி நன்றாக இருந்தது.

இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். முதல் வரி, எட்டு ஊர்களின் மழையையும் பின்னப் பெட்டிகளில் போடு என்றது. போட்டேன். இரண்டாவது வரி, அவற்றை முழு எண் பெட்டிகளுக்கு மாற்று என்றது. பாபநாசம் மேலணையில் மூன்றரை அங்குலத்துக்குப் பக்கம். அரைக்கு மேல் உதிர்ந்து மூன்று நின்றது. அதற்கு அவர் எக்ஸ் வருகிற மாதிரி எழுதியிருந்தார், சரி. அடுத்தது குற்றாலம். புள்ளி எட்டு ஐந்து.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புள்ளி எட்டு ஐந்தில் பின்னம் உதிர்ந்தால் மிச்சம் சைபர். சைபர் என்றால் மழையே இல்லை. செங்கோட்டையும் சைபர். தென்காசியும் சைபர். ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது, ரோட்டில் போகிறவர்கள் குடையை விரிப்பதா மடக்குவதா என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் மழை என்றைக்குமே அப்படித்தான். நாளெல்லாம் பெய்யும், அளந்து பார்த்தால் ஒரு அங்குலம் தேறாது. அதை நம்பித்தான் அத்தனை கூட்டமும் வருகிறது. குற்றாலத்துப் பக்கத்தில் பெண்ணெடுத்தவர், வந்த நாளிலிருந்து அதே சாரலில் நனைந்தவர், பம்பாய் மழையை மனதில் வைத்து எழுதி ஊரையே துடைத்துவிட்டார்.

பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். அத்தான் கால்மேல் கால் போட்டிருந்தார். பக்கத்தில் புனலூர்க்காரர், முந்தின நாள் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தத் தாளில் குற்றாலத்துக்குப் புள்ளி இருக்கிறது. என் தாளில் வெறுமையாக விழுந்தால் அடுத்த நிமிஷம் அவர் எழுந்து நிற்பார். ஃபோர்ட்ரான் போய்விடும். பம்பாய் போய்விடும். பாவூர்சத்திரத்தில் வெங்காயச் சாக்கு எனக்காக வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

சீட்டில் ஒன்று என்று எழுதினேன். குற்றாலத்துக்கு ஒன்று. செங்கோட்டைக்கு ஒன்று. தென்காசிக்கு ஒன்று. மடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்து மூடினேன். மற்ற ஊர்களுக்குச் சட்டப்படி என்ன வருமோ அதையே போட்டேன்.

மூன்றே மணி நேரத்தில் பதினைந்து வரியும் முடிந்தது. மாஸ்டரே எழுந்து வந்து பார்த்து, "இது உருப்படியா இருக்கேலே," என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அது, அதுவும் கள்ளப் படத்துக்கு.

வீட்டில் அக்காவின் முன்னால் இரண்டு தாளையும் விரித்தார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது முழுசா இருக்கு. அது கடிச்சுப் போட்ட முறுக்கு மாதிரி இருக்கு. இதுதான் நல்லாருக்கு."

"அது சமயம் போதாததுகொண்டாணு," என்றார் புனலூர்க்காரர்.

"மழை வருதா இல்லையான்னு சொல்ல சமயம் கேட்டா எப்பிடி அண்ணாச்சி? வாச முத்தத்துல கைய நீட்டுனா நான் சொல்லிருவேன். அதுக்கு ரெண்டு பாஷை, நாலு நாளு, நூறு தீப்பெட்டி."

அத்தான் வாயெல்லாம் பல். புனலூர்க்காரர் என் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்துக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார். தெற்கே எங்கேயோ விரலை வைத்தார், எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். "சரி, சம்மதிச்சு," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர்கள் ஊருக்குப் போன மறுநாளே நான் பம்பாய்க்காரன் ஆகிவிட்டேன். இன்ஸ்டிடியூட்டிலிருந்து நின்றுகொண்டேன். தென்காசியில் இரண்டு பேண்ட் தைக்கக் கொடுத்தேன், தையல்காரரிடம் "அங்கன எல்லாம் ஏ.சி., துணி கொஞ்சம் கனமா இருக்கட்டும்" என்றேன். அப்பா தன் கடைக்கு வடகரைப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் பார்த்தார். என் சேக்காளிகள் ஒவ்வொருவனிடமும், மெஷினுக்கு நான் போய்த்தான் வழிகாட்ட வேண்டியிருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

மூன்று வாரத்தில் அத்தானிடமிருந்து ஒரு கனமான கவர் வந்தது. டிக்கெட் என்று நினைத்துக் கிழித்தேன். உள்ளே பெரிய தாள், ஓரமெல்லாம் ஓட்டை போட்டது. நிஜ மெஷின் அடித்த மழைப்படம். பாபநாசத்தின் மேலே எக்ஸ் எக்ஸாக நின்றது. மேற்கு ஓரத்தில் குற்றாலம் இருக்க வேண்டிய இடம் மொட்டைத்தலை மாதிரி வெறுமையாக இருந்தது. அந்த மெஷினுக்குப் பம்பாய் வேலை வேண்டியதில்லை, அது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. அதனால் உள்ளதை உள்ளபடி அடித்துவிட்டது.

அத்தான் நாலே வரி எழுதியிருந்தார். மேலதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டியதாகவும், ஆடி மாதம் குற்றாலத்தில் மழை இல்லை என்று மெஷின் சொன்னதாகவும், அந்த அதிகாரி போன வருஷம்தான் குடும்பத்தோடு குற்றாலத்தில் நனைந்துவிட்டு வந்தவர் என்றும், வேலை புனலூர்க்காரர் கைக்குப் போய்விட்டது என்றும் இருந்தது. கீழே அக்காவின் கையெழுத்தில் ஒரு வரி: "ஏலே, நீ என்னத்தப் பண்ணித் தொலைச்ச?"

எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அன்றைக்கே கட்சி மாறினேன். புனலூர்க்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மெஷின் பாஷையின் அருமை ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும், அரைமணி நேரம் அலுக்காமல் வட்டமடித்த கை இது, கார்டு பஞ்ச் வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான் என்று.

பதில் தபால் கார்டில் வந்தது. தமிழை அவர் மலையாளச் சாயலில் உருட்டி உருட்டி எழுதியிருந்தார். "அன்னு உன் படத்தில் குற்றாலத்துக்குப் புள்ளி உண்டு. அம்பாசமுத்திரத்துக்கு இல்லை. ரெண்டும் ஒரு இன்ச்சுக்குத் தாழே. ஒரே வரி ரெண்டு ஊருக்கு ரெண்டு மாதிரி ஓடாது. அன்னே சம்சயம் தோன்றி, இப்போ உறுதியாயி. நீ வட்டமடிச்சது குற்றமில்லை. சொந்தமாய் எண் எழுதுகிறவனைக் கார்டு பஞ்ச் செய்ய வைக்கக் கூடாது."

அம்பாசமுத்திரம்! அங்கே எனக்கு ஒரு சொந்தக்காரன்கூட இல்லை. இருந்திருந்தால் அவனுக்கும் ஒரு புள்ளி வைத்திருப்பேன். முந்தின நாள் படம் ஆறு வரியோடு நின்றதால், தெற்கே ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை என்று எண்ணி நான் அலட்சியமாக விட்ட ஊர் அது.

அடுத்த ஆடிக்கு அத்தான் வந்தபோது நான் பாவூர்சத்திரத்தில் சாக்கு எண்ண ஆரம்பித்து மாசக்கணக்காகியிருந்தது. கனத் துணிப் பேண்டை வெங்காய லாரியில் ஏறி இறங்கவே போட்டுத் தேய்த்துவிட்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அத்தான், அந்தப் புள்ளி உங்களுக்காகத்தான் வச்சேன்."

"எனக்காவா, பம்பாய்க்காவா?"

"ரெண்டுக்குந்தான்."

"குற்றாலத்துக்கு சைபர் வருதுன்னு உனக்கு அங்கனயே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஏம்லே சொல்லல?"

"அவரு பக்கத்துல உக்காந்திருந்தாருல்ல. மெஷின் பேசப்படாதுன்னு..."

"முந்துன நாளு அவரு தப்பு பண்ணுனாரு. என்ன செஞ்சாரு? பென்சில எடுத்துத் திருத்துனாரு. நான் ஏதாவது சொன்னேனா?"



அத்தான் பழைய ஃபோர்ட்ரான் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். அதையும் பத்திரமாக வைத்திருக்கிறார். இரண்டாவது வரியைப் பென்சிலால் ஒரே கோடு போட்டு அடித்தார். முழு எண் பெட்டிக்கு மாற்றச் சொன்ன அந்த வரி. "இவ்வளவுதான். இத அடிச்சிருந்தா பின்னம் பின்னமாவே நின்னிருக்கும். குற்றாலத்துக்கும் புள்ளி, அம்பாசமுத்திரத்துக்கும் புள்ளி. படம் முழுசு. வேலை எனக்கு. பம்பாய் உனக்கு. 'அத்தான், இங்கன உதைக்கி'ன்னு ஒரு வார்த்தை."

ஊரில் வருகிறவன் போகிறவனை எல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேலி பேசியவன் நான். பேச வேண்டிய அந்த ஒரு நிமிஷத்தில் மெஷினாக இருந்து தொலைத்திருக்கிறேன்.

ஆனாலும் கேட்டேன். "இந்த வருஷம் கார்டு பஞ்சுக்கு ஆள் எடுக்காகளா?"

"எடுத்தாச்சு."

"யாரை?"

அத்தான் தாளை மடித்தார். "புனலூர்க்காரர் அவரு மச்சினனைக் கொண்டாந்து வச்சிருக்காரு."

"டைப் தெரியுமா அவனுக்கு?"

"ஒத்த விரலால அடிக்கான்," என்றார் அத்தான். "ஆனா தப்பு வந்தா உடனே எந்திரிச்சு வந்து சொல்லிருதான்."